வாங்கக் கூடாதவள்

சரத்தோவ்,
8 ஜனவரி 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் துஆவால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? அண்ணன், அண்ணி, பிள்ளைகள் ஹபீபும் ரைஹோனாவும் எப்படி இருக்கிறார்கள்? இங்கே வோல்கா உறைந்துவிட்டது. அதன் மேல் லாரி போகிறது. நான் பார்த்துவிட்டேன், நம்பாதவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. உங்கள் சின்ன மகன் பணக்காரனாகிவிட்டான். இங்கே ஒரு சின்ன அறையில் தொழுகை நடத்தும் முல்லா இத்ரீஸ் என்றொரு தாத்தாரியப் பெரியவர் இருக்கிறார். போன வாரம் அவர் என் கடையில் உலர்ந்த திராட்சை வாங்க வந்தார். சரக்கையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். "நுஸ்ரத், உனக்கு ஜகாத் கடமையாயிருச்சு" என்றார். ஏதோ வியாதி வந்துவிட்டதாக்கும் என்று பயந்துபோனேன். நாம் படித்த பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்புறம் உட்கார வைத்து எல்லாம் விளக்கினார்: மிச்சம் உள்ளவன் வருஷாவருஷம் இல்லாதவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய பங்காம்.

இங்கே யாருக்குக் கொடுப்பது? நம் ஊரில் உள்நாட்டுச் சண்டை இன்னும் ஓயவில்லை, ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் மாவாகவே வாங்கி, நம் ஊர் ரயிலில் பெட்டிக் காவலராக வந்து போகும் ரஜப் மாமாவிடம் ஏற்றிவிட்டிருக்கிறேன். நீங்கள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று உங்களை விட யாருக்குத் தெரியும்?

ஒன்று மட்டும் கவனம். ஜகாத்தைப் பெற்ற தாய்க்குக் கொடுக்கக் கூடாதாம். தகப்பன், பெண்டாட்டி, பிள்ளைக்கும் ஆகாதாம். முல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அந்த மூட்டையிலிருந்து உங்களுக்கு ஒரு பிடிகூட எடுத்துவிடாதீர்கள், என் கடமை நிறைவேறாமல் போய்விடும். உங்களுக்குத்தான் என்ன குறை, அண்ணன் இருக்கிறான். டிராக்டர் ரிப்பேருக்குக் கூலியே கோதுமையாக வாங்குகிறவன் வீட்டில் என் மாவு யாருக்கு வேண்டும்?

அந்த மகாராஜாவுக்கு எழுத்து மறந்துவிட்டதா என்று கேளுங்கள். மூன்று மாதமாக ஒரு வரி இல்லை.

நோன்புக்கு முன்பே மாவு வந்து சேர வேண்டும் என்ற கவலையோடு,
உங்கள் நுஸ்ரத்

*

சோர்போக்,
20 ஜனவரி 1996

தம்பி ரஜபுக்கு, சனோவ்பர் எழுதுவது. அல்லாஹ் உங்கள் பயணத்தைக் காப்பானாக.

நேற்று நீங்கள் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனபோது வாசலில் ஆள்கள் நின்றார்கள், பேச முடியவில்லை. அதனால் இந்தச் சீட்டு. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் என் வீட்டு வாசலில் அழுதீர்கள். என் மூத்தவன் சிரோஜ் உங்களுக்கும் வேண்டியவன்தான், அழுதது தப்பில்லை. ஆனால் சரத்தோவில் அப்படி ஒரு முகத்தோடு என் சின்னவன் முன்னால் போய் நிற்காதீர்கள். அவன் மூக்கு வேர்த்துவிடும்.

நவம்பரில் மூத்தவனைச் சந்தையில் வைத்துப் பிடித்து, சண்டைக்கு ஆள் சேர்க்கிற லாரியில் ஏற்றினார்கள். எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்து என்ன. "எனக்கு முப்பத்திரண்டு வயசு, ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். யார் கேட்டார்கள்? பாலத்துத் திருப்பத்தில் வண்டி மெதுவானதும் குதித்திருக்கிறான். சுட்டுவிட்டார்கள். நுஸ்ரத்துக்கு இருபத்து நான்கு வயது. அண்ணன் மவுத்துச் செய்தி தெரிந்தால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவான். ஸ்டேஷனில் இறங்குகிற ஆண்பிள்ளைகளுக்காக அந்த லாரி காத்து நிற்கிறது. நீங்களே பார்க்கிறீர்கள்.

ஒருவன் போய்விட்டான். இருக்கிறவன் தூரத்திலாவது இருக்கட்டும்.

அவன் கேட்டால், "மூட்டைய உங்க அண்ணன்தான் இறக்கினான்" என்று சொல்லுங்கள். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டீர்கள். பல் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளும்,
சனோவ்பர்

*

சோர்போக்,
21 ஜனவரி 1996

கண்ணான மகன் நுஸ்ரத்துக்கு அம்மாவின் ஸலாம்.

நாங்கள் எல்லாரும் சுகம். அண்ணன் உனக்கு ஸலாம் சொன்னான். கையில் ஸ்பேனர் விழுந்து விரல் நசுங்கியிருக்கிறது, அதனால் எழுதவில்லை. என் முழங்கால் அப்படியே இருக்கிறது. நீ குளிரில் காதை மூடிக்கொள்கிறாயா?

மாவு வந்தது. பாலர் பள்ளியில் நான் கஞ்சி ஊற்றிய பெரிய கரண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பள்ளியை மூடிவிட்டார்கள், கரண்டியை யாரும் கேட்கவில்லை. அதில்தான் அளந்து கொடுத்தேன். எதிர்வீட்டு சபோஹத் முதல் ஆளாகப் பையோடு வந்து நின்றாள். பை நிறைய வாங்கிக்கொண்டு, "இதுல பூச்சி இல்லையே?" என்று கேட்டாள். "இருந்தா அதுவும் உனக்குத்தான், எடுத்துக்க" என்றேன். சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நம் தெருவில் யாரோ சிரித்தார்கள். கிழவர் பஸ் கண்டக்டருக்குக் கொடுத்தேன். அவர் வாங்கும்போது டிக்கெட் கிழிப்பதுபோலக் கையை அசைத்தார், பழக்கம் போகவில்லை. நம் பக்கத்தில் ஒரு விதவை இருக்கிறாள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன்.

நீ சொன்னபடி ஒரு பிடி எடுக்கவில்லை. கையில் ஒட்டியதைக்கூட மூட்டைக்குள் தட்டிவிட்டுத்தான் கை கழுவினேன். உன் கடமை முழுசாக நிறைவேறியது.

வழியெல்லாம் பனி. இந்தப் பக்கம் வரும் நினைப்பே வேண்டாம்.

உன் நோன்பு லேசாக இருக்கட்டும்.
அம்மா

*

சரத்தோவ்,
26 பிப்ரவரி 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து. உங்கள் கடிதத்தை என்னோடு அறையில் தங்கியிருக்கிற எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். 'பூச்சியும் உனக்குத்தான்' என்ற இடத்தில் சிரித்து உருண்டார்கள். ஆளுக்கொரு பங்கு போட்டு இன்னும் மாவு வாங்கியிருக்கிறோம். இந்த முறை நோன்பு முடிவில் அவர்கள் கொடுக்க வேண்டிய ஃபித்ராவும் பெருநாள் தர்மமும் என் கணக்கில்தான் சேர்த்து வாங்கினோம், எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகையால் பழைய கட்டுப்பாடுதான், உங்களுக்கு ஆகாது.

பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான் கொடுத்த மாவில் யாரோ பெருநாள் ரொட்டி சுட்டிருப்பார்கள் என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த நாலு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அந்த விதவை யார்? நான் இருந்தபோது நம் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையே. அவள் புருஷனுக்கு என்ன ஆனது?

அம்மா, மே மாதம் வருகிறேன். மல்பெரி பழுக்கும் நேரம். அண்ணனும் நானும் மரத்தில் ஏறி உலுக்குவோம், நீங்கள் கீழே துணி பிடியுங்கள். வர வேண்டாம் என்று எழுதாதீர்கள், கேட்கமாட்டேன்.

அண்ணன் விரல் ஆறிவிட்டதா? ஆறியிருந்தால் அந்தச் சோம்பேறியை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். திட்டியாவது எழுதட்டும்.

உங்கள் நுஸ்ரத்

*

சோர்போக்,
28 மார்ச் 1996

மகன் நுஸ்ரத்துக்கு அம்மாவின் ஸலாமும் துஆவும்.

எல்லாரும் இருக்கிறோம். நவ்ரூஸ் புத்தாண்டு வந்து போனது. கோதுமை முளைக்கஞ்சி இந்த வருஷம் தெருவில் யாரும் காய்ச்சவில்லை. அண்ணன் வேலையாக மலைப்பக்கம் போயிருக்கிறான், எப்போது வருவான் என்று தெரியாது.

விதவையைப் பற்றிக் கேட்டாய். நீ போன பிறகு வந்தவர்கள். புருஷன் சந்தைக்குப் போனான். ஆள் பிடிக்கிற லாரியில் ஏற்றினார்கள், குதித்தான், சுட்டார்கள். வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு கழுதை வண்டியில் கொண்டுவந்தார்கள். சட்டைப் பையில் மகளுக்கு வாங்கிய ரப்பர் செருப்பு இருந்தது. நல்ல பையன். நீ அவனைப் பார்த்திருந்தால் உனக்குப் பிடித்திருக்கும்.

மே மாதம் வராதே. மல்பெரி அடுத்த வருஷமும் பழுக்கும். ஸ்டேஷனிலும் அந்த லாரி நிற்கிறது. நீ வந்தால் உன்னை நான் வாசலில் விடமாட்டேன், சொல்லிவிட்டேன். அம்மா பேச்சைக் கேட்காதவன் கொடுக்கிற ஜகாத்தை எந்த முல்லா ஒப்புக்கொள்வார் என்றும் கேட்டுப் பார்.

இன்னொன்றும் அவரிடம் கேட்டு எழுது. அந்த விதவையோடு அவள் மாமியார் இருக்கிறாள். மாவு மருமகளுக்குக் கொடுத்தது. அதில் மருமகள் ரொட்டி சுட்டு மாமியார் முன்னால் வைத்தால் அந்த அம்மாள் தொடுவதில்லை. நான் போயிருந்தபோதே சண்டை நடந்தது.

"சாப்பிடுங்க அத்தை, ஆறிப்போகுது."

"அது உனக்கு வந்தது. எனக்கு இல்ல."

"என் வீட்டுக்கு வந்தது என் ரொட்டி. நீங்க சாப்பிடலேன்னா நானும் சாப்பிட மாட்டேன். புள்ளைங்களுக்கும் கொடுக்க மாட்டேன். பாத்துக்கங்க."

அந்தப் பெண் சொன்னபடியே ரொட்டியைத் துணியில் மூடி எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளைகள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு அந்த அம்மாள் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். விழுங்கினாளா இல்லையா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. அவள் சாப்பிடலாமா? சாப்பிட்டால் கொடுத்தவனுடைய கடமை கெட்டுப்போகுமா? சீக்கிரம் எழுது. அவள் மெலிந்துகொண்டு வருகிறாள்.

அம்மா

*

சரத்தோவ்,
22 ஏப்ரல் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாசலில் விடமாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள், என்ன செய்வது. மே மாதம் வரவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் வரவில்லை.

உங்கள் கேள்வியை முல்லாவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு கைக்குப் போனதும் அது அவ சொத்து. அதுல ரொட்டி சுட்டு அவ ராஜாவுக்கும் போடலாம், மாமியாருக்கும் போடலாம். அவளுக்கு அது ஜகாத், சாப்புடுறவங்களுக்கு அது விருந்து. தாராளமா சாப்புடச் சொல்லு."

கேட்டதும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அம்மா, உங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை? மாமியாரும் இல்லாதவள்தானே? அவள் ஏன் மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்? அவள் பேரிலேயே தனியாக ஒரு மூட்டை கொடுங்கள்! இந்த முறை அனுப்புவதில் கட்டாயம் அவளுக்கென்று ஒரு முழு மூட்டை. நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மகனைப் பறிகொடுத்தவள், பாவம். அவளுக்குக் கொடுக்காமல் நான் வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறேன்?

அண்ணன் மலையிலிருந்து வந்துவிட்டானா? மலையில் டிராக்டர் ஏது?

உங்கள் நுஸ்ரத்

*

சோர்போக்,
30 மே 1996

மகன் நுஸ்ரத்துக்கு ஸலாம்.

இங்கே சுகம். மல்பெரி பழுத்துக் கீழே விழுகிறது, பிள்ளைகள் பொறுக்கித் தின்கிறார்கள். அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதே, அவன் இருக்கிற இடத்தில் அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

முல்லா சொன்னதை அந்த வீட்டில் போய்ச் சொன்னேன். மருமகள் சந்தோஷத்தில் அழுதாள். மாமியார் இப்போது சாப்பிடுகிறாள். பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருந்தால். முல்லாவுக்கு என் துஆவைச் சொல். அவர் சொன்ன ஒரு வார்த்தையில் ஒருத்தி எழுந்து நடக்கிறாள்.

தனி மூட்டை மட்டும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். சபோஹத்தே வந்து சண்டை போட்டாள். "ஊரே கைய நீட்டுது, உனக்கு மட்டும் என்ன தங்கக் கையா? கொடுக்கிறவன் உன் பேர் சொல்லிக் கொடுக்கிறான், வாங்கிக்கயேன்டி!" என்றாள். சபோஹத்துக்கு மாவு நுணுக்கம் தெரியும், மார்க்க நுணுக்கம் தெரியாது. அந்த மூட்டையைக் கண்டக்டர் வீட்டுக்கும் ஆற்றங்கரை வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

வெயில் ஏறுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

*

சரத்தோவ்,
2 ஜூலை 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். வியாபாரம் கொஞ்சம் மந்தம். இந்தக் கடிதத்தோடு மாவும் வருகிறது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மாமியார் மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் இங்கே பெட்டி தூக்கிச் சம்பாதித்து, எங்கோ இருக்கிற ஒருத்திக்கு மனமாரக் கொடுக்கிறேன். வேண்டாம் என்கிறாள். பட்டினி கிடந்தாலும் வீம்பு குறையாத கிழவி! நீங்களே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம்.

முல்லாவிடம் குறைப்பட்டேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தார். "வீம்பா இருக்காதுப்பா" என்றார். "இல்லாதவங்களா இருந்தும் உன் ஜகாத்த வாங்கக் கூடாதவங்கன்னு இருக்காங்க. ஒண்ணு, நபி குடும்பத்து வழியில வந்த சையிதுங்க. அவங்க செத்தாலும் தொட மாட்டாங்க. இல்லேன்னா கொடுக்கிறவனோட சொந்த ரத்தம், தாய் தகப்பன் மாதிரி. உன் தாய் உன் வீட்டுலதான் இருக்காங்க. அப்போ அந்த அம்மா சையிதாத்தான் இருக்கணும். கேட்டுப் பாரு."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அப்படியானால் நான் நபி குடும்பத்துப் பெண்ணை அல்லவா கிழவி என்று எழுதியிருக்கிறேன்! கேட்டு எழுதுங்கள் அம்மா. சையித் என்றால் ஜகாத் வேண்டாம், அன்பளிப்பாகத் தனியாக அனுப்பச் சொல்கிறார் முல்லா, அதை வாங்கிக்கொள்வார்களாம். உடனே எழுதுங்கள். ஒன்பது மாதமாகியும் அண்ணன் எழுதவில்லை, அதை நான் தனியாக வைத்திருக்கிறேன். வந்து சட்டையைப் பிடிக்கிறேன்.

உங்கள் நுஸ்ரத்

*

சோர்போக்,
11 ஆகஸ்ட் 1996

மகனுக்கு,

ஸலாம். இருக்கிறோம். மாவு வந்தது, கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. ரஜப் தம்பி இரண்டு முறை வந்து, "பதில் இருக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

ஆம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுதிப் பார்த்தேன். அல்லாஹ்வின் தூதருடைய குடும்பம் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. மற்றதெல்லாம் வருகிறது.

அவள் சையித் இல்லை.

நுஸ்ரத், இங்கே வராதே. வராதே.

அம்மா

*

சரத்தோவ்,
27 அக்டோபர் 1996

அம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் எழுதியதை முல்லாவிடம் வாசித்துக் காட்டினேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அப்போ ரெண்டாவதுதான் மிச்சம்" என்றார். கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகும் நான் கடையை மூடவில்லை. சாயங்காலம் வரை உலர்ந்த திராட்சை எடைபோட்டுக் கொடுத்தேன். சரியாகத்தான் போட்டேன். பக்கத்துக் கடைக்காரன் ஏதோ ஜோக் சொன்னான், சிரித்தேன்.

அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரஜப் மாமா பெட்டி வாசலில் நின்றார். என் பையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நான் ஏறினேன், அவர் கீழே தள்ளினார். மறுபடி ஏறினேன். சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஏறுடா, ஏறு! உங்க அம்மா பட்டினி கிடந்து உன்னை இங்க வச்சிருக்கு. உன்னையும் லாரியில ஏத்திட்டு அந்த அம்மா மூஞ்சியில நான் முழிக்கணுமா?" எல்லாவற்றையும் சொன்னார். சந்தை, பாலத்துத் திருப்பம். எனக்கு அது முன்பே தெரியும். நீங்கள் மார்ச்சிலேயே எழுதிவிட்டீர்கள். நான் அதைப் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

ரயில் போய்விட்டது. நான் நடைமேடையில் நின்றேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்த போதெல்லாம் 'நலம்' என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. இன்றைக்கு அதை விட்டுவிட்டேன்.

இன்னும் அழவில்லை அம்மா. அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. பெட்டிகளை அடுக்குகிறேன், இறக்குகிறேன்.

முல்லாவிடம் ஒரு நாள் சண்டைக்குப் போனேன். "பெத்தவளப் பட்டினி போடச் சொல்ற சட்டம் என்ன சட்டம்?" என்று கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "யாரு பட்டினி போடச் சொன்னா? உன்கிட்ட இருக்கிறது ஏற்கெனவே உங்க அம்மாவோடது. அவங்க பொருளை எடுத்து அவங்களுக்கே தர்மம்னு கொடுக்க முடியுமா? அதனாலதான் ஆகாதுன்னு சொன்னது. நீ கேட்டது ஒரு பாதிதான்." நான் ஒரு பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு பிடிகூட எடுக்காதே என்று உங்களுக்குக் கட்டளை எழுதிக்கொண்டிருந்தேன். கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டுக் கை கழுவினீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அண்ணி மோஹிராவுக்கும் பிள்ளைகளுக்கும் இனிமேல் இங்கிருந்து வருவது தர்மம் இல்லை, சித்தப்பன் கடமை. தெருவுக்கு வருவது தனியாக வரும். உங்களுக்கு என்ன அனுப்ப? நீங்கள் என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது கேளுங்கள். நான் வர வேண்டும் என்று சொன்னாலும் வருகிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே நிற்கிறேன்.

அண்ணனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நுஸ்ரத்

*

சோர்போக்,
10 நவம்பர் 1996

மகன் நுஸ்ரத்துக்கு, அம்மா சனோவ்பர் எழுதுவது. அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் அண்ணனை உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தரை உறைந்திருந்தது. பஸ் கண்டக்டரும் இன்னும் இரண்டு கிழவர்களும்தான் தோண்டினார்கள். இளைஞர்கள் யாரும் வெளியே வர முடியாத நாள். ஹபீப் ஒரு கல்லைப் பொறுக்கி வைத்தான். அது இன்னும் இருக்கிறது.

மோஹிரா நன்றாக இருக்கிறாள். அவள் பெற்றோர் வந்து கூப்பிட்டார்கள். "அத்தைய விட்டுட்டு எங்க வர்றது?" என்று அனுப்பிவிட்டாள். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். கிழவி என்று நீ திட்டிய பழைய கடிதத்தையும் எடுத்து வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்துவிட்டோம். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

என்ன வேண்டும் என்று கேட்டாய். யோசித்தேன். சாப்பாட்டைப் பற்றி இல்லை, அது எப்படியோ நடக்கிறது. வேறொன்று.

வியாழக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் எண்ணெய் காய வைத்து, மாவை உருட்டிப் போட்டு வாசம் எழுப்புவோம், உனக்கு ஞாபகம் இருக்கும். போனவர்கள் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருவார்கள், நம்மை யாரும் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டு போவார்கள் என்பது வழக்கம். உன் முல்லா இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அவர் பேச்சை நான் ஒரு வருஷம் கேட்டுவிட்டேன், இதில் கேட்கமாட்டேன்.

சிரோஜுக்கு நான் ஒரு வியாழன்கூட அதைச் செய்யவில்லை. வீடு நிறைய மாவு வந்தது. ஒன்றும் என்னுடையது இல்லை. மோஹிராவைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் பெற்ற பிள்ளைக்கு, தாய் கையால், கேட்டு வாங்கிய மாவில் செய்ய மனம் வரவில்லை. தெருவில் மற்ற வீடுகளில், நீ அனுப்பிய மாவில், அவரவர் செத்தவர்களுக்கு வாசம் எழும்பியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் எந்த வீட்டு வாசலில் போய் நின்றானோ.

நுஸ்ரத், எனக்கு ஒரு மூட்டை மாவும் ஒரு டின் எண்ணெயும் அனுப்பு. யாருக்கும் பிரித்துக் கொடுக்க இல்லை. எனக்கு.

நீ வராதே. மாவு மட்டும் வரட்டும்.

அம்மா